கர்த்தர் பெயரைச் சொல்லி வேண்டாம் என்றார்கள்

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒரு வாக்கியம் வருஷா வருஷம் கேட்கும். "உலகத்தோற்றத்துக்கு முன்னமே கர்த்தர் உனக்கென்று ஒருவரைத் தெரிந்துகொண்டு வைத்திருக்கிறார்." கேட்கிற பிள்ளைகளின் முகம் மலரும். இப்போது நான் அந்தக் கூட்டத்தில் டீயும் பன்னும் கொடுக்கிற அக்கா. யாராவது அப்படிப் பேசினால், கூட்டம் முடிவதற்குள் மைக்கை வாங்கி பைபிளில் பவுல் எழுதிய எபேசியர் நிருபம் முதலாம் அதிகாரம் நாலாம் வசனத்தை முழுசாக வாசிக்கச் சொல்வேன். அங்கே தெரிந்துகொள்ளப்பட்டவர்கள், அதாவது தேவன் தேர்ந்தெடுத்தவர்கள், நாம். தெரிந்துகொண்டது கிறிஸ்துவுக்குள், பரிசுத்தமாக இருப்பதற்கு. மாப்பிள்ளை, பெண் பேச்சே அந்த அதிகாரத்தில் கிடையாது. புருஷன் மனைவி பற்றிப் பவுல் பேசுவது அஞ்சாம் அதிகாரத்தில். அதுவும் கட்டிக்கொண்டவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு.

நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். நைனா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-ல் மில்லை மூடியதும் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். எனக்கு முதலில் வந்த வரன் சபை மூலமாகவே வந்தது. பையன் வீட்டார் தாத்தா காலத்தில் தெற்கேயிருந்து பெரம்பூருக்கு வந்து குடியேறியவர்கள். நல்ல ஜெபக் குடும்பம் என்று எல்லோரும் சொன்னார்கள். நிச்சயம் முடிந்தது. ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நாள் முழுக்க அலைந்து சேலைகளும் எடுத்தாயிற்று. சபையில் கல்யாண அறிவிப்பாகிய ஓலையை வாசிக்க ஆரம்பிக்க வேண்டிய வாரத்தில் பையனின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "நாங்க உபவாசம் இருந்து ஜெபிச்சோம். மனசுல சமாதானம் இல்ல. இது கர்த்தருடைய சித்தம் இல்லைன்னு தெளிவாக் காட்டிட்டாரு."

நைனா ஒன்றுதான் கேட்டார். "நிச்சயத்துக்கு முன்னாடியே காட்டியிருக்கலாமேம்மா?"

உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நிச்சயத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நைனாவிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டார். நைனா "புளியந்தோப்புதான்" என்றார். "அது சரி, அதுக்கு முன்னாடி?" நைனா செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். அப்புறம் அந்தப் பெரியவர் ரசத்துக்குக்கூட நிமிரவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் "அதுக்கு முன்னாடி?" என்ற கேள்விக்கு ஒரே அர்த்தம்தான், அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மணமகள் தேவை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். ஜெபிக்கிற பெண், இரட்சிக்கப்பட்ட பெண் என்றெல்லாம் போட்டுவிட்டு ஜாதியையும் மறக்காமல் போட்டிருப்பார்கள். விதவை மறுமணம் செய்வதைப் பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 7-ல் எழுதும்போது, தனக்கு இஷ்டமானவனைக் கட்டிக்கொள்ள அவளுக்கு விடுதலை உண்டு என்கிறார். கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. நம்மவர்கள் பவுலைவிட நாலைந்து நிபந்தனை கூடுதலாகப் போட்டு வடிகட்டிவிட்டு, மிச்சம் இருப்பவர்களில் கர்த்தருடைய சித்தத்தைத் தேடுகிறார்கள்.

நின்றுபோன கல்யாணத்தைவிட, அதற்குச் சொன்ன காரணம்தான் என்னை அதிகம் வாட்டியது. ஜாதி பார்த்தார்கள் என்றால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். கர்த்தரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றால் யாரிடம் போய்க் கோபப்படுவது? அந்தச் சமயம் பார்த்து வேதபாட வகுப்பில் ரோமர் ஒன்பதாம் அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. இரட்டைப் பிள்ளைகளில் இளையவனைத் தேவன் தெரிந்துகொண்டதைப் பற்றி அங்கே, "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்று இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய், "அப்போ நான் ஏசாவா, ஐயா?" என்று நேராகக் கேட்டேன்.

அவர் உடனே ஆறுதல் சொல்லவில்லை. வீட்டுக்கு வரச்சொல்லி, ஐயரம்மாவிடம் காபி போடச் சொல்லிவிட்டு, சரித்திரம் சொன்னார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, இதே சென்னையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன்கள், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் முன்பே சேர்ந்திருந்த ஐக்கிய சபை, இவர்களெல்லாம் ஒன்றானார்கள். இவர்களுக்குள் தெரிந்துகொள்ளுதல் பற்றி ஒரே கருத்து இருந்ததில்லை. ஸ்காட்லாந்து வழியில் வந்தவர்களின் விசுவாச அறிக்கை, தேவன் தம்முடையவர்களை உலகத்தோற்றத்துக்கு முன்னமே நியமித்தார் என்று உறுதியாகச் சொல்கிறது. மெதடிஸ்டுகளின் தகப்பனாகிய ஜான் வெஸ்லி 1739-லேயே அந்த உபதேசத்தை எதிர்த்துப் பிரசங்கம் பண்ணியவர். அதனால் அவருக்கும் நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டுக்கும் பெரிய பிளவு வந்தது. ஆனாலும் விட்ஃபீல்டு 1770-ல் இறந்தபோது லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

"ரெண்டு கட்சியும் நம்ம சபையில ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்கு. சண்டையை நான் தீர்த்துவைக்கப் போறதில்லைம்மா" என்றார் ஐயர். "ஆனா ரெண்டு கட்சியும் ஒத்துக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. தெரிந்துகொள்ளப்பட்டவங்ககிட்ட இருந்த எந்தத் தகுதியையும் பார்த்து தேவன் தெரிந்துகொள்ளல." உபாகமம் ஏழாம் அதிகாரத்தைக் காட்டினார். நீங்கள் திரளான ஜனம் என்பதற்காகத் தெரிந்துகொள்ளவில்லை, அன்புகூர்ந்ததினாலேயே தெரிந்துகொண்டேன் என்பதுதான் அங்கே உள்ளது. பிறப்பைப் பார்த்து ஆளை ஒதுக்குகிறவர்கள், பிறப்பைப் பார்க்காமல் தெரிந்துகொள்ளும் தேவனின் பெயரில் அதைச் செய்கிறார்கள். அப்புறம், முன்குறித்தல், அதாவது தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்ற உபதேசம், என்றாலே எல்லோரும் பெயர் சொல்கிற சபைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினே, இந்த விஷயத்தில் தேவன் சொன்னதற்கு அப்பால் துருவிப் பார்க்காதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார் என்றும் சொன்னார். யாரைத் தேவன் தள்ளினார் என்று சொல்கிற வேலையை அவர் பெரம்பூரில் எந்த வீட்டுக்கும் கொடுக்கவில்லை என்பதை நானே புரிந்துகொண்டேன்.

அன்று ஐயர் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் ஆதியாகமம் 24-லிருந்து 33 வரை, விடாமல் ஒரே மூச்சில் படித்து முடிப்பது. நீங்களும் படித்துப் பாருங்கள். வரன் பார்த்தல், தெரிந்துகொள்ளுதல், மன்னிப்பு மூன்றும் ஒரே குடும்பத்துக்குள் நடக்கிறது. ஈசாக்குக்கு ரெபெக்காள் வந்தது ஜெபத்தில் கிடைத்த சம்பந்தம். எந்தக் கல்யாண ஆராதனையிலும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்த ரெபெக்காளிடம்தான் கர்த்தர், மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்கிறார். கர்த்தர் சொன்னது கர்த்தரால் நடக்கும் என்று அவள் விட்டிருக்கலாம். கண் தெரியாத புருஷனை ஆட்டுத்தோலை வைத்து ஏமாற்றி, மூத்தவன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதம் இளையவன் யாக்கோபுக்குக் கிடைக்கும்படி நடத்திவைத்தாள். ஜெபித்துக் கட்டிய கல்யாணத்திலும் இப்படி நடக்கிறது. தெரிந்துகொள்ளப்பட்ட யாக்கோபு பயந்து ஊரைவிட்டு ஓடினான். பல வருஷம் கழித்துத் திரும்பி வரும்போது எதிரே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது யார்? ஏசா. அந்த முகத்தைப் பார்த்தது தேவனுடைய முகத்தைப் பார்த்தது போல இருந்தது என்கிறான் யாக்கோபு. நான் ஏசாவா என்று கேட்டுப் போன எனக்கு, ஏசாவாக இருப்பது அப்படியொன்றும் கேவலம் இல்லை என்று தோன்றியது.

இன்னொன்றும் கவனித்தேன். கட்டிப்பிடித்து அழுத பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குப் போகவில்லை. ஏசா சேயீருக்குப் போனான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். அப்பாவை அடக்கம்பண்ண மறுபடி சேர்ந்து வந்தார்கள். மன்னித்தால் முன்பு போல ஒட்டி உறவாட வேண்டும் என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு அந்த வசனங்கள் நினைவில் இருப்பதில்லை.

மன்னிப்பு எனக்கு எப்படி வந்தது என்றால், முதலில் கணக்கிலிருந்துதான் வந்தது. ஐயர் இரு வீட்டாரையும் உட்காரவைத்தார். அவர்கள் போட்ட செயின், சேலை, நாங்கள் போட்ட மோதிரம், எடுத்துக்கொடுத்த கோட்டு சூட்டு எல்லாவற்றையும் தாளில் எழுதி, அங்கேயே மாற்றிக்கொண்டோம். ஹால் அட்வான்ஸில் திரும்பி வராத பாதியை அவர்களே தருவதாக முடிவாயிற்று. நிச்சயம் முறிந்த வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். கணக்கை மாதக்கணக்கில் இழுக்காதீர்கள், நடுவில் ஒரு ஆளை வைத்து எழுத்தில் தீர்த்துவிடுங்கள். காசு பாக்கி நிற்கும்போது மன்னிப்பு பேசினால் அது கடனைத் தள்ளுபடி கேட்பது போலத்தான் கேட்கும். மத்தேயு 18-ல் இயேசு சொன்ன கதையில், பதினாயிரம் தாலந்து கடனை ராஜா மன்னித்துவிட்ட ஒருவனிடம் உடன் வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். அது நூறு நாள் கூலி. ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டில் அது மூன்று மாதச் சாப்பாட்டுக்கு மேல். பதினாயிரம் தாலந்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்பது வேறு. ஆனால் உனக்குச் செய்தது சின்ன விஷயம் என்று இயேசு எங்கேயும் சொல்லவில்லை. அதனால் எனக்கும் அதைச் சின்னதாக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கணக்கு முடிந்ததும் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "ஆன்ட்டி, ஜாதி பார்த்தீங்கன்னா ஜாதின்னு சொல்லுங்க. கர்த்தரை இழுக்காதீங்க." அவர் பதில் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஆனால் நாங்கள் ஒரே சபை. அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற எங்கள் திருவிருந்து ஆராதனை முறையில், 1950-ல் முதலில் வந்ததிலிருந்து, சமாதானம் கைக்குக் கை மாறி வரும். ஐயரிடமிருந்து ஒருவர் வாங்கி, பெஞ்சு பெஞ்சாகக் கடந்து வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமதமாகப் போய்க் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவர். சமாதானம் அவர் கை வழியாகத்தான் எனக்கு வர வேண்டும். ஜெபத்தில் சமாதானம் இல்லை என்று சொன்ன அதே ஆள்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாங்கினேன். அடுத்தவருக்குக் கொடுத்தேன். உள்ளே பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் பல ஞாயிறு இப்படிப் போன பிறகு, அவரைப் பார்த்தால் வயிறு இறுகுவது நின்றுபோயிருந்தது. பின்னால் அவர் வீட்டுக்காரர் இறந்தபோது காசிமேடு கல்லறைத் தோட்டம்வரை நைனாவும் நானும் போய் வந்தோம். அதற்கு மேல் போக்குவரத்து இல்லை. தேவையும் இல்லை.

அடுத்த வரன் வந்தபோது அம்மா பயந்துபோயிருந்தார். இந்தத் தடவை சீட்டுப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தி கர்த்தரால் வரும் என்று நீதிமொழியையும் எடுத்துக் காட்டினார். நான் மறுபடி வெஸ்லியைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன், ஐயர் கொடுத்த புத்தகங்களில் அவர் கதையைப் படித்திருந்தேன். வெஸ்லி வாலிபராக அமெரிக்காவில் ஜார்ஜியாவின் சவன்னா ஊரில் ஊழியம் செய்தபோது சோஃபியா ஹாப்கி என்ற பெண்ணை விரும்பினார். கட்டிக்கொள்ளலாமா என்று முடிவெடுக்க முடியாமல், 1737-ல் மூன்று சீட்டு எழுதிப் போட்டார்கள். கட்டிக்கொள், இந்த வருஷம் வேண்டாம், இனி நினைக்கவே நினைக்காதே. கூட இருந்த நண்பர் எடுத்தது மூன்றாவது சீட்டு. சில நாட்களில் அந்தப் பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். கர்த்தர் சித்தம் என்று நம்பியவர் அமைதியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ஆகஸ்டில் அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். வழக்கு வந்தது, வருஷக் கடைசியில் ஊரைவிட்டே கிளம்பினார். சீட்டு முடிவைச் சொன்னதே தவிர, மனசைச் சரிப்படுத்தவில்லை. அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் சீட்டுப் போட்டுத்தானே யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அம்மா விடவில்லை. வேப்பேரியில் அவர் பெயரில் கோயிலே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பிறகு புதிய ஏற்பாட்டில் யாரும் சீட்டுப் போட்டு முடிவெடுக்கவில்லை. அம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை, இருந்தாலும் சீட்டு எழுதவில்லை.

ஆதியாகமம் 24-ல் ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் சீட்டு மாதிரி கிடையாது. எனக்கு மட்டுமில்லை, உன் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வார்க்கிறேன் என்று தானாகச் சொல்கிற பெண் வேண்டும் என்றான். பத்து ஒட்டகம். தாகமான ஒட்டகம் ஒரே தடவையில் நூறு லிட்டர்வரை குடிக்கும். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு ஓடி வளர்ந்த எங்களுக்கு அது எத்தனை நடை என்று சொல்லித் தெரிய வேண்டாம். அவன் பார்த்தது குணத்தை. கடைசியில் வீட்டார் ரெபெக்காளையே கூப்பிட்டு, நீ இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்டார்கள். அவள் "போகிறேன்" என்ற பிறகுதான் அனுப்பினார்கள். பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் கர்த்தர் சித்தம் என்று முடிவு செய்கிற வீடுகளுக்கு அந்த வசனத்தை நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

அதனால் வந்திருந்த அந்த அடுத்த வரனோடு நான் பேசிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஐயர் வீட்டு வராண்டாவில், கதவைத் திறந்துவைத்துவிட்டு, இரண்டு பேரும் நெடுநேரம் பேசினோம். இவர் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்கிற ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தார். சம்பளம் எவ்வளவு, யார் யாருக்கு எவ்வளவு தருகிறீர்கள், சீட்டுக் கட்டுகிறீர்களா, கடன் இருக்கிறதா, குடி உண்டா, கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போவது பற்றி உங்கள் அம்மா என்ன நினைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டேன். "சொந்த ஊர் கேட்பீங்களா?" என்றும் கேட்டேன். "ராயபுரம்" என்றார், தன்னைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு. அதற்கு முன்னாடி என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பேச்சோடு நைனா விடவில்லை. இவர் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் மூன்று நாலு சாயங்காலம் உட்கார்ந்து விசாரித்தார். ஜெபம் குறைந்த காரியமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஜெபித்தோம். ஜெபித்துவிட்டு விசாரித்தோம்.

அப்படியெல்லாம் விசாரித்து இவரையே கட்டிக்கொண்டும் ஒன்று வெளியே வராமல் போனது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு நண்பருடைய கடனுக்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் தவணை கட்டாமல் போனதும் ஆள் வீட்டுக்கே வந்து நின்றான். வராண்டாவில் கடன் இருக்கிறதா என்று கேட்டேனே என்று நான் கத்தினேன். "அது என் கடன் இல்லையே" என்றார். அந்தப் பதிலுக்கு இன்னும் கொஞ்சம் கத்தினேன். ஆனால் இவர் எதையும் மூடவில்லை. பத்திரங்களை எடுத்து வைத்தார், நான் கேட்ட கேள்விக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னார், மன்னித்துவிடு என்று வாயால் கேட்டார். ஜெபித்துக் கட்டியதுதானே, எப்படி இப்படி நடக்கும் என்ற கேள்வி எனக்கு வரவில்லை, ரெபெக்காள் வீட்டுக் கதை தெரிந்திருந்ததால். நானும் தகுதி பார்த்துத் தெரிந்துகொள்ளப்பட்டவள் இல்லை என்ற நினைப்பு மட்டும் வந்தது. மன்னித்தேன். கூடவே ஏ.டி.எம். கார்டை நான் வாங்கிக்கொண்டேன், இனி என்னைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். மன்னிப்புக்கும் ஏ.டி.எம். கார்டுக்கும் முரண்பாடு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதே வார்த்தையை அடிவாங்குகிற பெண்ணிடம் சொல்லாதீர்கள். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்கிற அந்த மத்தேயு 18-லேயே அதற்கு முன்னால், தப்பு செய்தவனிடம் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று இருக்கிறது. கை ஓங்குகிறவனிடம் தனியாகப் போய்ப் பேச வேண்டியதுகூட இல்லை. 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்க 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. ஐயரம்மாவும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார்களும் ஒரு பெண்ணை இரவோடு இரவாக அழைத்து வந்து அவள் அம்மா வீட்டில் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவள் மன்னிக்கிறாளா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து போன தடவை முடிந்த சமயத்தில் எங்கள் சபையில் ஒரு அம்மா என்னிடம் வந்தார். பையனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், பேச்சு பாதியில் இருக்கிறது, பையனுக்கு மனசில்லை. "எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா, ஜெபத்துல சமாதானம் இல்லைன்னு சொல்லிடவா?" என்றார். வேண்டாம் அக்கா என்றேன். தேவனுடைய நாமத்தை வீணாக வழங்காதே என்ற கற்பனை சத்தியம் பண்ணுவதற்கு மட்டும் போட்டது இல்லை. வரனை வேண்டாம் என்று சொல்வது பாவமில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் இந்த வாரமே சொல்லுங்கள், பெண்ணின் மேல் குறை வைக்காதீர்கள், எது உண்மையோ அதைச் சொல்லுங்கள் என்றேன். எனக்கு எதிரிலேயே போன் போட்டார். "பையன் இன்னும் தயாரா இல்லைங்க. பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. உங்க நேரத்தை எடுத்துக்கிட்டதுக்கு மன்னிச்சுக்குங்க." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நிச்சயம் வரைக்கும் இழுக்காம சொன்னீங்களே, அது போதும்மா" என்ற குரல் எனக்கும் கேட்டது.